தாய் குடித்தால் பிள்ளைக்குச் சுவறும்

மருதடிக்குளத்துக் குடியேற்றத்தில் இலட்சுமியிடம் வாய் கொடுத்து மீண்டவர் ஒருவரும் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் அரை அங்குலம் குறைந்தாலும் மேல்காணிக்காரன் பரமலிங்கத்தின் ஏழு தலைமுறையும் எழும்பி வந்து வரம்பில் கைகட்டி நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் இரண்டு பரப்புத் தோட்டக்காணிக்காக அவள் பிடித்த சண்டைகளெல்லாம் வெறும் ஒத்திகை. அரசாங்கம் இங்கே மூன்று ஏக்கர் வயலும் அதற்கொரு வாய்க்காலும் கொடுத்த பிறகுதான் அவளுடைய நாக்குக்குத் தோதான இடம் கிடைத்தது.

அப்படிப்பட்டவள், ஐம்பத்தொன்பதாம் ஆண்டு பங்குனி மாதத்து ஒரு காலையில், பரமலிங்கம் தன் கண்ணுக்கு முன்னாலேயே மடையை வெட்டித் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்புவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள். பரமலிங்கத்துக்கே அது பொறுக்கவில்லை. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கிட்ட வந்தான்.

"அக்கா, உங்களுக்கு ஏதும் சுகமில்லையோ?"

இலட்சுமிக்குச் சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. அவனுடைய பாட்டனில் தொடங்கலாமா, மாமியாரில் தொடங்கலாமா என்று யோசிப்பதற்குள்ளேயே கண் செருகியது. நாக்கு வறண்டு மேல்வாயோடு ஒட்டிக் கிடந்தது. "ஒண்டுமில்லை" என்ற ஒரு சொல்லை வெளியே எடுப்பதற்குள் பரமலிங்கத்தின் வயல் பாதி நனைந்துவிட்டது.

எல்லாம் மருந்து செய்த வேலை. ஆனால் அந்த மருந்து அவளுக்குக் கொடுத்ததல்ல, அவளுடைய ஒரே மகன் சிற்றம்பலத்துக்குக் கொடுத்தது.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில் மருதடிக்குளம் உடைப்பெடுத்தபோது குளக்கட்டில் காவல் முறை சிற்றம்பலத்துடையது. கொட்டிலில் அவன் கொஞ்சம் கண்ணயர்ந்த நேரத்தில் கட்டு போய்விட்டது. அவன் விழித்திருந்தாலும் போயிருக்கும். பார்க்க வந்த எஞ்சினியரும் அப்படித்தான் அறிக்கை எழுதினார். ஓடுகிற வெள்ளத்தை ஒருவன் முழித்துப் பார்த்து நிறுத்த முடியுமா? ஆனால் இந்த நியாயம் சிற்றம்பலத்தின் தலையில் ஏறவில்லை. அடுத்த வருடம் கட்டைத் திருத்திக் குளத்தில் திரும்பவும் தண்ணீர் நின்றபோது, வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசு அவனோடு பேசத் தொடங்கியது.

துருசு அதிகம் பேசுவதில்லை. ஒரே கேள்விதான். "சிற்றம்பலம், முழிச்சிருக்கிறியோ?"

"ஓம், முழிச்சிருக்கிறன்" என்பான் அவன். சாப்பிடும்போது சொல்வான், குளிக்கும்போது சொல்வான். பளையிலிருந்து பெண்வீட்டார் வந்து, "தம்பிக்குப் பொம்பிளையைப் பிடிச்சிருக்கோ?" என்று கேட்டபோதும் அதையேதான் சொன்னான். அவர்கள் தேத்தண்ணீரைக்கூட முடிக்காமல் பஸ்ஸுக்கு நடந்துவிட்டார்கள்.

இரவும் பகலும் குளக்கட்டே கதியென்று கிடந்தான். கட்டை விட்டு வெளியே போகவேண்டி வந்தால் வைக்கோலில் ஒரு வெருளிப் பொம்மையைக் கட்டி, தன் சட்டையை அதற்குப் போட்டு, துருசுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போவான். வெருளி பொழுது படும்வரைக்கும் பதில் காவல் பார்க்கும். அந்த அளவுக்குத் துருசு இரக்கமுள்ளதாகத்தான் இருந்தது.

தை பிறந்ததும் இலட்சுமி அவனை வவுனியாவில் மாதம் ஒருமுறை நடக்கும் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். அங்கே டொக்டர் யோகலிங்கம், மெலிந்த இளம் மனிதர், கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். சிற்றம்பலம் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தவன், நடுவில் யன்னல் பக்கம் திரும்பி, "ஓம், முழிச்சிருக்கிறன்" என்றான்.

"ஆர் கேட்டது?" என்றார் டொக்டர்.

"துருசு."

"அது அங்கை மருதடிக்குளத்திலையெல்லோ இருக்கு?"

"ஓம் ஐயா. பலத்துத்தான் கேக்கும்."

டொக்டர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். பிறகு இலட்சுமியிடம் சொன்னார்: "அம்மா, இது வெறும் நித்திரைக் குளிசை இல்லை. இல்லாத சத்தம் கேக்கிறவைக்கும், இல்லாத பயம் பிடிச்சவைக்கும் குடுக்கிற புது மருந்து. தலைக்குள்ள நரம்புகள் அளவுக்கு மிஞ்சிக் கதைக்குது. அந்தக் கதையை இது தணிக்கும். எப்பிடித் தணிக்குதெண்டு கேட்டால் எனக்கும் முழுக்கத் தெரியாது. ஆனால் தணிக்குது. முதல் நாளிலையே நித்திரை வரும். வாய் காயும். டக்கெண்டு எழும்பினால் தலை சுத்தும். வெயில் பட்டால் தோல் எரியும். சத்தம் குறைய மட்டும் சில கிழமை செல்லும். காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு."

"பத்தியம், ஐயா?"

"பத்தியம் ஒண்டுமில்லை."

"மீன்?"

"சாப்பிடலாம்."

"கத்தரிக்காய்?"

"அதுவும் சாப்பிடலாம்."

இலட்சுமிக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. பாவம், பெரிய படிப்புப் படித்திருக்கிறார், அரைவாசியை மறந்துவிட்டார். பத்தியமில்லாத மருந்தும் ஒரு மருந்தா? ஆனால் அவர் கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் அந்த இரக்கம் பயமாக மாறியது.

"மூண்டு மாதம் பாப்பம். குளிசைக்குக் கட்டுப்படாட்டில் தெற்கிலை இருக்கிற பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்பவேணும்."

தெற்கே போவதென்றால் என்னவென்று மருதடிக்குளத்துக்குத் தெரியும். நாலாம் வாய்க்கால் அப்புத்துரையை அப்படித்தான் கொண்டுபோனார்கள். எட்டு வருடமாகிறது. அவருடைய வேட்டியை மனைவி இன்னமும் மாதத்துக்கொருமுறை தோய்த்துக் காயவிடுகிறாள். தன் பிள்ளையின் வேட்டியும் அப்படி ஆளில்லாமல் கொடியில் ஆடக்கூடாது என்று, திரும்பி வருகிற பஸ்ஸிலேயே இலட்சுமி உள்ளூர் வெளியூர்ப் பிள்ளையார் எல்லோரையும் கும்பிட்டாள்.

ஆனால் சிற்றம்பலம் குளிசையைத் தொடவில்லை. "நித்திரை வாற மருந்தைக் காவல்காரன் குடிக்கலாமோ?" என்று கேட்டான். சோற்று உருண்டைக்குள் வைத்துக் கொடுத்தாள். சோற்றை விழுங்கிவிட்டுக் குளிசையை நாக்கு நுனியில் வெளியே நீட்டினான். வாழைப்பழத்துக்குள் ஒளித்தாள். அதையும் கண்டுபிடித்துக் கையில் கொடுத்தான். எட்டு நாள் போயிற்று. எட்டு நாட் குளிசையும் சேர்ந்து போத்தலில் கிடந்தது.

ஒன்பதாம் நாள் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை என்ன, பழைய அனுபவம்தான். சிற்றம்பலம் ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது மாந்தம் வந்து முறுக்கிப் போட்டது. பரியாரியார் மருந்தை அரைத்து அவளிடம் நீட்டினார். "பால்குடிப் பிள்ளைக்குக் குடுக்கேலாது. நீ குடி. தாய் குடிச்சால் பிள்ளைக்குச் சுவறும்." அவள் நாற்பது நாள் மருந்து குடித்து, மீன் மணத்தைக்கூட முகராமல் பத்தியம் இருந்தாள். பிள்ளை பிழைத்தது. அந்தப் பிள்ளைக்கு இப்போது முப்பத்தொரு வயது, ஐந்தடி எட்டங்குலம், மீசையும் இருக்கிறது. ஆனால் தாய் அதே தாய்தானே?

பால் நின்று முப்பது வருடமாகிறதே என்று ஒரு சின்னச் சந்தேகம் எழும்பத்தான் செய்தது. சோறு பிசைந்து ஊட்டுகிற கையும் அதே உடம்பில்தான் இருக்கிறது என்று அதற்குச் சமாதானம் சொல்லிவிட்டு, முதல் குளிசையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

டொக்டர் மறந்துபோன பத்தியத்தையும் தானே நிறுவினாள். மீனில்லை, கத்தரிக்காயில்லை, பூசணியில்லை, புளியில்லை, மிளகாயில்லை. சோறும், மல்லியும் மிளகும் கொதிக்கவைத்த சரக்குத்தண்ணியும், முருங்கையிலையும்தான். முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவரும் மீராசாகிபு, புதன்கிழமை வழக்கம்போல அவளுக்கென்று எடுத்துவைத்த பாரைத் தலையோடு வாசல் படலையில் வந்து மணியடித்தார். பாரைத் தலைக் குழம்பென்றால் இலட்சுமி சண்டையைக்கூடப் பாதியில் நிறுத்துவாள்.

"வேண்டாம், காக்கா. மகனுக்கு மருந்து நடக்குது. நான் பத்தியம்."

"அப்பிடியெண்டால் சரி" என்று மீராசாகிபு சைக்கிளைத் திருப்பினார். இதில் விளங்காமல் போக ஒன்றும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை.

மருந்து உண்மையாகவே நல்ல மருந்து. இலட்சுமி அம்மிக்குப் பக்கத்தில் நித்திரை கொண்டாள், மாட்டுக்கு வைக்கோல் போட்டபடியே நித்திரை கொண்டாள். ஒருநாள் குசினியில் சோறு கருகி மணந்தபோது, குளக்கட்டில் முழித்திருந்த சிற்றம்பலம் மணம் பிடித்து ஓடிவந்து பானையை இறக்கினான். அதன் பிறகு அவனுக்குக் காவல் இரண்டாயிற்று, குளம் ஒன்று, தாய் ஒன்று.

மாசியில் இரண்டாம் தரம் கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் கேட்டார்: "குளிசை ஒழுங்காப் போகுதோ?"

"ஒரு நேரமும் தவறேல்லை, ஐயா."

"நித்திரை வருதோ?"

"உக்காந்த இடத்திலையே வருது."

இலட்சுமியின் சொல்லில் துளியும் பொய்யில்லை. டொக்டர் சிற்றம்பலத்தின் சிவந்த கண்களைப் பார்த்தார். "துருசு?" என்றார். "கேக்குது, ஐயா" என்றான் அவன். டொக்டர் கொஞ்சம் குழம்பி, குளிசையை இரட்டிப்பாக்கினார். கூடக் குடித்தால் கூடச் சுவறும் என்று இலட்சுமி சந்தோஷத்தோடு வீடு வந்தாள்.

அந்த மாதம்தான் அவளுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. நடை சின்னச் சின்ன அடியாகக் குறுகியது. கழுத்து இறுகிப்போனது. வெயில் பட்ட முகமும் கையும் செங்கல்போலச் சிவந்து உரிந்தன. பங்குனியில் மடை வெட்டுப்பட்டபோது பேச்சில்லாமல் நின்றதும் இதனால்தான். ஊர் இதையெல்லாம் பார்த்துத் தன்பாட்டுக்கு ஒரு முடிவுக்கு வந்தது. பரமலிங்கம் நேரில் வந்தே கேட்டான்.

"அக்கா, மகன் குடிக்கத் தாய்க்கு வாய் அடங்கிற மருந்தாமே. எனக்கும் ரெண்டு தாங்கோ. நான் குடிக்கிறன், என்ரை மாமிக்கு அடங்கட்டும்."

இலட்சுமி அவனை முறைத்தாள், அல்லது முறைக்க விரும்பினாள். முகம் அசையவில்லை.

பங்குனிக் கடைசியில் மூன்றாம் தரம் போனார்கள். வெருளி துருசடியில் காவல் நின்றது. டொக்டர் சிற்றம்பலத்தை நீண்ட நேரம் பார்த்தார். இவ்வளவு குளிசைக்கு ஒரு எருமையும் படுத்திருக்கும், இந்த மனிதன் கண்ணிமைக்காமல் நிற்கிறான்.

"இனி நான் செய்ய ஒண்டுமில்லை, அம்மா. தெற்குக்கு எழுதிறன்" என்று பேனையை எடுத்தார்.

இலட்சுமி மேசைக்குக் கிட்ட நகர்ந்தாள். மூன்று மாதம் ஒரு நேரம் தவறாமல் குடித்ததெல்லாம் வீணா? பத்தியத்தில் எங்கே பிழை விட்டாள்? மன்றாடுவதற்காகக் கையை மேசையில் நீட்டினாள். கை நடுங்கி மைக்கூட்டைத் தட்டியது. முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் கண்ணீர் மட்டும் ஓடியது. டொக்டர் பேனையை வைத்தார். அவளுடைய முழங்கையைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். அது விட்டுவிட்டுத்தான் மடங்கியது. உரிந்த தோலைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஆர் இந்தக் குளிசை தந்தது?"

"எனக்கு ஒருதரும் தரேல்லை, ஐயா. நான் இவன்ரையைத்தான் குடிக்கிறன்."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்?"

"இவன் குடிக்கமாட்டனெண்டான். தாய் குடிச்சால் பிள்ளைக்குச் சுவறுந்தானே."

டொக்டருக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது நின்றுவிட்டது. மையைத் துடைத்துவிட்டு, எழுதத் தொடங்கிய கடிதத்தை நாலாகக் கிழித்தார். "அம்மா, குளிசை விழுங்கின ஆளின்ரை இரத்தத்திலைதான் போகும். பால்குடிக்கு அது சரி. இவர் பால் மறந்து முப்பது வருசம். உங்கடை நரம்பு ஒழுங்காய்க் கதைச்சுக்கொண்டிருந்தது. அதைப் போய்த் தணிச்சால் கை நடுங்காமல் என்ன செய்யும்?"

சிற்றம்பலம் தாயின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மாவுக்கு வயசு போட்டுதெண்டல்லோ நான் நினைச்சனான்" என்றான். துருசு அந்த நேரம் பார்த்துத்தான் கேட்டிருக்க வேண்டும். அவன் யன்னல் பக்கம் திரும்பி, "கொஞ்சம் பொறு" என்றான். பிறகு டொக்டரிடம் சொன்னான்: "நான் குடிக்கிறன், ஐயா. ஆனால் நான் படுத்தால் குளத்தை ஆர் பாக்கிறது?"

"இப்ப ஆர் பாக்கினம்?"

"வெருளி."

"இரவிலையும் அவரே நிக்கட்டுமன்."

"இருட்டிலை வெருளி நிக்கிறது ஆருக்குத் தெரியும்? தெரியாத காவல் காவலில்லை, ஐயா."

டொக்டர் யோசித்தார். படித்த புத்தகம் ஒன்றிலும் இதற்கு விடை இருந்திருக்காது. "அவரின்ரை கையிலை ஒரு லாந்தரைக் கொழுவிவிடுங்கோ" என்றார்.

சிற்றம்பலமும் யோசித்தான். "அப்பிடியெண்டால் பறுவாயில்லை" என்று ஒத்துக்கொண்டான்.

"அப்ப நான் என்ன செய்யிறது?" என்றாள் இலட்சுமி. மூன்று மாதம் பிள்ளையைச் சுமந்தவளைத் திடீரென்று இறக்கிவிட்டால் அவள் எங்கே போவாள்? டொக்டர் யோகலிங்கம் அன்று உண்மையான வைத்தியரானார். வேலையில்லாத தாய் வருத்தக்கார மகனைவிட ஆபத்து என்பதைக் கண்டுகொண்டார்.

"குளிசையை அவர் விழுங்கட்டும். பத்தியத்தை நீங்கள் இருங்கோ" என்றார்.

அவளுடைய குளிசையை ஒரேயடியாக விடாமல் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லி, நடுக்கத்துக்கு வேறொரு சின்னக் குளிசையும் கொடுத்தார். மருந்துத் துண்டில் மகனுக்குக் குளிசை, தாய்க்குப் பத்தியம், வெருளிக்கு லாந்தர் என்று எழுதி ஒப்பம் வைத்தார். மருந்து கொடுக்கும் யன்னலில் இருந்தவர் துண்டை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "லாந்தர் கடையிலைதான் வாங்கவேணும்" என்றார்.

சிற்றம்பலம் முதல் குளிசையை விழுங்கி, பாயில் விழுந்து, பதினாறு மணித்தியாலம் நித்திரை கொண்டான். குளக்கட்டில் வெருளி லாந்தரோடு நின்றது. சித்திரையில் துருசு காலையும் மாலையும் மட்டும் கேட்டது. வைகாசியில் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கேட்டது. ஆனியில் கேட்பதை விட்டுவிட்டது. இதற்கிடையில் இலட்சுமியின் கை நடுக்கம் நின்று, நாக்கு நனைந்து, ஒருநாள் காலை பரமலிங்கத்தின் ஏழு தலைமுறையும் திரும்ப எழும்பி வரம்புக்கு வந்தது. பரமலிங்கம் மண்வெட்டியோடு ஓடினான்.

பிள்ளை சுகப்பட்டது பத்தியத்தால்தான் என்பதில் ஊருக்குச் சந்தேகமில்லை. இலட்சுமியும் மறுக்கவில்லை. "குளிசையை ஆரும் விழுங்கலாம். பாரைத் தலையை விட்டிட்டு இருந்து பாருங்கோ" என்பாள். டொக்டர் சொன்னதையும் அவள் மறக்கவில்லை: சுகம் வந்ததென்று மருந்தை விட்டால், துருசு திரும்பக் கதைக்கத் தொடங்கும்.

ஆவணியில் சிற்றம்பலம் அதைத்தான் செய்தான். "எனக்கிப்ப ஒண்டுமில்லை. சுகமாயிருக்கிறவனுக்கு ஏன் மருந்து?" என்று குளிசைப் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டினான். இலட்சுமி கெஞ்சினாள், ஏசினாள், அப்புத்துரையின் வேட்டியைச் சொல்லி அழுதாள். அவன் சிரித்தான். ஒன்பதாம் நாள் மத்தியானம் வேலி கட்டிக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தி, "ஓம், முழிச்..." என்று தொடங்கி, தாய் நிற்பதைக் கண்டு நிறுத்தினான்.

இலட்சுமி ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமலிருந்தால் என்னவோ நடக்கப்போகிறதென்று அர்த்தம். அன்று புதன்கிழமை. படலையில் நின்று மீராசாகிபுவை மறித்தாள்.

"பாரைத் தலை இருக்கோ?"

"இருக்கு. பத்தியம் முடிஞ்சுதோ, அக்கா?"

"இண்டைக்கு முடியும்."

புளி கரைத்தாள், மிளகாய் அரைத்தாள், பெருஞ்சீரகம் இடித்தாள். ஏழு மாதமாக அந்தக் குசினி காணாத மணம் வளவெல்லாம் நிறைந்தது. மணம் பிடித்துக்கொண்டு சிற்றம்பலம் வந்தபோது, இலட்சுமி சோற்றுக் கோப்பையோடு அவனுக்கு நேரெதிரே உட்கார்ந்திருந்தாள். மீன் தலையில் சதை பிடித்த துண்டொன்றைப் பிய்த்துக் கையில் எடுத்தாள்.

"அம்மா, பத்தியமெல்லோ?"

"நீ மருந்தை விட்டனி. பிறகென்ன எனக்குப் பத்தியம்?"

"அம்மா, பகிடி விடாதைங்கோ."

அவள் கை வாய்க்குக் கிட்டப் போயிற்று. அவளுக்கு வாய் ஊறியது உண்மை, அதை ஏன் மறைக்க வேண்டும்? கை உதட்டைத் தொடுவதற்கு முன் சிற்றம்பலம் எழுந்துவிட்டான். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, அவளுக்கு முன்னாலேயே குளிசையை விழுங்கித் தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கியும் காட்டினான்.

இலட்சுமி துண்டைக் கோப்பையில் வைத்தாள். கோப்பையை அவன் பக்கம் தள்ளிவிட்டு, தனக்கு வேறொரு கோப்பையில் சோறு போட்டுச் சரக்குத்தண்ணியை ஊற்றினாள். இருவரும் சாப்பிட்டார்கள்.

"குழம்பு எப்பிடி?" என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

"உப்பு நல்லாக் கூடிப்போச்சு, அம்மா."

"கூடாமல் என்ன செய்யும்?" என்றாள் இலட்சுமி. "பத்தியக்காரி மீன்குழம்பிலை உப்புப் பாக்கேலுமே?"

சிற்றம்பலம் தாயை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, உப்புக் கரித்த குழம்பு முழுவதையும் கடைசித் துளிவரை வழித்துச் சாப்பிட்டான்.